பெரிய மரம் இருக்கிறது, கன்று இல்லை: மான் மேயும் காட்டில் அருகிவரும் மரத்தை மீட்கும் வழிமுறை

ஒரு மர இனம் அழிந்துகொண்டிருப்பதைக் காட்டுக்குள் நடந்து போகிறவர் எளிதில் கண்டுகொள்ள மாட்டார். தாய்மரங்கள் பச்சைப்பசேலென்று நிற்கும். பூக்கும், காய்க்கும், விதை உதிர்க்கும். குறையொன்றும் இல்லை என்றுதான் தோன்றும். குனிந்து தேடினால்தான் விஷயம் பிடிபடும்: முழங்கால் உயரத்தில் ஒரு கன்று இல்லை, தோள் உயரத்தில் இல்லை, கைத்தடிப் பருமனில் ஓர் இளமரம்கூட இல்லை. பிள்ளைகள் ஊரைவிட்டுப் போன பிறகு கிழவர்கள் மட்டும் குடியிருக்கும் வீடு அது. 300 ஆண்டு வாழக்கூடிய மரமாக இருந்துவிட்டால், கடைசி 50, 60 ஆண்டுகளில் அதன் கன்று ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்பது யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

மான் மேய்ச்சல் இதற்கு ஒரு பெரிய காரணம், ஆனால் எப்போதும் அதுவே காரணமாக இருப்பதில்லை. மான் மீது பழி போடுவதும் என் நோக்கமல்ல. பெரும்பாலான இடங்களில் மானும் அந்தக் காட்டுக்கே சொந்தமான உயிர். அதைத் தின்று வாழ்ந்த விலங்குகளை மனிதர்கள் ஒழித்தார்கள், காட்டைத் துண்டு போட்டார்கள், அதன் ஓரங்களில் பயிரும் புல்லும் வளர்த்தார்கள். மான் பெருகியது அதன் பிறகுதான்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாக எழுதப்பட்டவை. உங்கள் காட்டில் காண்பது எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம். அவற்றைத் தாண்டிப் போனவர்கள்தான் தேவையில்லாத இடத்தில் வேலி போட்டுவிட்டு, தேவையான வேலைக்குக் கையில் காசில்லாமல் நிற்கிறார்கள்.

எதையும் செய்வதற்கு முன்: எண்ணுங்கள்

தாய்மரங்களின் அடியிலும் அவற்றைச் சுற்றி 50 மீட்டர் வரையிலும் நடந்து, அந்த இனத்தின் கன்றுகளை நான்கு கூறாக எழுதிக்கொள்ளுங்கள். கணுக்காலுக்குக் கீழே இருப்பவை. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை. முழங்காலிலிருந்து மானின் வாய் எட்டும் உயரம் வரை. அதற்கும் மேலே போய்விட்ட இளமரங்கள்.

ஆரோக்கியமான காட்டில் இந்த எண்ணிக்கை படிக்கட்டு மாதிரி இறங்கும்: மிகச் சிறியவை ஏராளம், அடுத்தது குறைவு, அதற்கடுத்தது இன்னும் குறைவு. எந்தப் படி உடைந்திருக்கிறது என்பதே உங்கள் நோயின் பெயர். முதல் படியே இல்லையென்றால் சிக்கல் விதையிலோ மண்ணிலோ இருக்கலாம். முதல் படி நிறைய இருந்து மூன்றாவது படி காலியாக இருந்தால் மேய்ச்சலைச் சந்தேகிக்கலாம்.

பக்கத்தில் உள்ள வேறு இன மரங்களையும் அதே தாளில் எழுதுங்கள். எல்லா இனத்துக்கும் மூன்றாவது படி காலியென்றால் ஒரு கதை. உங்கள் மரத்துக்கு மட்டும் காலி, பக்கத்து இனத்தின் கன்றுகள் செழித்து நிற்கின்றன என்றால் வேறு கதை: மான் பொறுக்கித் தின்கிறது. பிடித்த தழையைத் தேடித் தேடித் தின்னும், பிடிக்காததை ஒதுக்கும். அப்படி ஒதுக்கப்பட்டவை மெல்ல மெல்லக் காட்டையே எடுத்துக்கொள்ளும். கனடாவின் ஆண்டிகோஸ்டி தீவில் நடந்தது இதுதான். 1896-97இல் ஏறத்தாழ 220 வெள்ளைவால் மான்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அவற்றை வேட்டையாடும் ஓநாய் போன்ற விலங்கு அந்தத் தீவில் இல்லை. மான்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிப் பெருகின. அவற்றுக்குப் பிடித்த பால்சம் ஃபிர் மரத்தின் கன்றுகள் தலையெடுக்க முடியாமல் போய், மான் அவ்வளவாகத் தொடாத வெள்ளை ஸ்ப்ரூஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கடித்தது மான்தானா?

கடிபட்ட நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களுக்கும் மேலே உள்ள கெட்டியான ஈறுக்கும் நடுவே தளிரை அழுத்திப் பிய்த்து இழுக்கும். அதனால் காயம் நார்நாராகப் பிய்ந்து நிற்கும். முயல் கடித்த இடம் கத்தியால் சாய்த்து வெட்டியதுபோல் வழவழப்பாக இருக்கும், உயரமும் முழங்காலைத் தாண்டுவது அரிது. எலி வகைகள் அடித்தண்டின் பட்டையைச் சுரண்டும். உற்றுப் பார்த்தால் உளி வைத்துக் கொத்தியதுபோல் சின்னஞ்சிறு பல்தடங்கள் தெரியும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட மேல் முன்பற்கள் இல்லை. அவை கடித்த இடமும் நார்நாராகத்தான் இருக்கும். வெள்ளாட்டுப் புழுக்கைக்கும் மான் புழுக்கைக்கும் வேறுபாடு சொல்வது பழகிய கண்ணுக்கே கடினம். ஆகவே கடியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். கால்நடை அந்தப் பக்கம் வருகிறதா என்று கேளுங்கள், குளம்புத் தடங்களைப் பாருங்கள், முடிந்தால் ஒரு தானியங்கிக் கேமராவைச் சில வாரங்கள் கட்டிவையுங்கள். ஆடு மேய்ந்த கன்றுக்கு மான் வேலி போடுவதும், மேய்ப்பவரோடு பேசித் தீர்க்க வேண்டியதை மானின் தலையில் கட்டுவதும் அடிக்கடி நடக்கிற தவறுகள்.

அறிகுறி: முளைக்கிறது, ஆனால் முழங்காலைத் தாண்டுவதில்லை

மான் தொல்லையின் மிகத் தெளிவான முகம் இதுதான். நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

முதலில் அந்தக் குட்டைக் கன்றுகளின் வயதைப் பாருங்கள். ஆண்டுதோறும் மொட்டு உறங்கி விரியும் இனங்களில், மொட்டு இருந்த இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய வளையத் தழும்பு விழும். அவற்றை நுனியிலிருந்து கீழ்நோக்கி எண்ணலாம். ஏற்கனவே செத்துப்போன கன்று ஒன்று கிடைத்தால் அடியை அறுத்து வளையங்களை எண்ணலாம். ஒரு சாண் உயரக் கன்று போன ஆண்டு முளைத்தது என்று நினைத்திருப்பீர்கள். அது பத்து, பதினைந்து ஆண்டுகளாகத் தளிர்விட்டுத் தளிர்விட்டுக் கடிபட்டு நிற்கும் கன்றாக இருக்கலாம். அதன் வேர் பருத்திருக்கும், தலை மட்டும் எழும்பியிருக்காது. முதல்முறை இதைப் பார்க்கிறவர்களுக்கு மனம் கனக்கும். உண்மையில் இது நல்ல செய்தி. கடி நின்றால் இப்படிப்பட்ட கன்றுகள்தான் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு எழும்.

அடுத்ததாக, மான் எட்டாத இடங்களைத் தேடுங்கள். பெரிய பாறையின் தலை, விழுந்த மரத்தின் வேர்மண் மேடு, செங்குத்தான ஓடைக் கரை, முள்புதரின் நடு. அங்கெல்லாம் உங்கள் மரத்தின் கன்றுகள் நன்றாக இருந்து, இரண்டு அடி தள்ளிச் சமதரையில் ஒன்றும் இல்லையென்றால், விதை நல்லது, பருவம் நல்லது, மண்ணும் தாங்குகிறது என்று அர்த்தம். குறுக்கே நிற்பது வாய் ஒன்றுதான். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மான் நீந்திப் போய்ச் சேராத சிறு தீவுகளில் கீழ்த்தட்டுச் செடிகள் அடர்ந்திருக்க, மான் உள்ள தீவுகளில் தரை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஹைடா மக்கள் படகுக்கும் கம்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்த செந்தேவதாருவின் கன்றுகள் அங்கே எழும்பத் திணறுகின்றன.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை அடைப்பு போடுங்கள். ஒரே வெளிச்சம், ஒரே மண், தாய்மரத்திலிருந்து ஒரே தூரம் உள்ள இரண்டு சதுரங்களைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்துக்கு 10 மீட்டர் இருந்தால் போதும். இரண்டிலும் மூலைக்குச்சி நட்டு, இரண்டிலும் கன்றுகளை எண்ணிக் குறித்து, அதன் பிறகு ஒன்றுக்கு மட்டும் வேலி போடுங்கள். வேலி போட்ட பிறகு எண்ணத் தொடங்குவது வீண் வேலை. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். இப்படி இரண்டு மூன்று இணைகள் இருந்தால் நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை, அதே பருவத்தில் எண்ணுங்கள். எலியையும் சந்தேகித்தால், சிறுகண் வலை அடித்த மூன்றாவது சதுரம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் உறுதியானால், அந்தக் குட்டைக் கன்றுகளைக் காப்பாற்றுவதே முதல் வேலை. புதிதாக நடுவதைப் பிறகு பார்க்கலாம். அவை அங்கேயே முளைத்தவை, அந்த மண்ணில் வேரூன்றியவை. நல்ல வெளிச்சத்தில் நிற்கும் கன்றுகளைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் கம்பி வலைக் கூண்டு வையுங்கள். கூண்டின் உயரம் மானைப் பொறுத்தது: சின்ன ரோ மானுக்கு 1.2 மீட்டர், ஃபாலோ மானுக்கு 1.5, செம்மான் போன்ற பெரியவற்றுக்கு 1.8 என்பது ஐரோப்பாவில் பழகிய கணக்கு. பின்னங்காலில் நின்று எட்டும் பழக்கமுள்ள புள்ளிமான் போன்றவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கணுக்கால் உயரத்தில்கூட ஒன்றும் இல்லை

இங்கே மானை மறந்துவிட்டு மேலே பாருங்கள். தாய்மரம் காய்க்கிறதா? யூ என்ற ஊசியிலை மரம் போன்ற சில இனங்களில் ஆண் வேறு, பெண் வேறு. மிஞ்சியிருப்பவை எல்லாம் ஒரே பாலாக இருந்தாலோ, இரண்டும் வெகுதூரம் பிரிந்து நின்றாலோ விதை விழாது. விதை விழுகிறதென்றால் சிலவற்றை அறுத்துப் பாருங்கள். உள்ளே பருப்பு இல்லாத கோதாக இருக்கலாம். சில இனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நிறையக் காய்க்கும், நடுவில் ஓய்வெடுக்கும். யூ விதை போன்றவை மண்ணுக்குள் ஓர் ஆண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்துவிட்டுத்தான் முளைக்கும். ஓர் ஆண்டு பார்த்துவிட்டு விதை செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

விதை நன்றாக இருந்தும் முளை இல்லையென்றால் தரையைப் பாருங்கள். தடித்த சருகு மெத்தை, அடர்ந்த புல், பாசி இவற்றின் மேல் விழுந்த சிறு விதையின் வேர் மண்ணைத் தொடுமுன் காய்ந்துவிடும். விதையில் பாதியைச் சிறுகண் வலைப்பெட்டிக்குள் விதைத்து மீதியைத் திறந்து விதைத்தால், எலி தின்கிறதா என்பது ஒரு பருவத்தில் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு சாத்தியம் மிச்சம் இருக்கிறது: முளைத்த சில வாரத்துக்குள்ளேயே மான் முழுச்செடியையும் தின்றுவிடுகிறது. முளைக்கும் பருவத்தில் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தால்தான் இது தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர் கண்ணுக்கு அது வெறும் தரை.

அறிகுறி: கன்று உயிரோடு இருக்கிறது, ஆனால் புதராகிவிட்டது

நுனிக்குருத்து போனதும் பக்கமொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். அடுத்த ஆண்டு அவற்றின் நுனிகளும் போகும். முடிவில் கத்தரித்து வைத்ததுபோல் ஒரு பந்து நிற்கும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக நடாதீர்கள். கூண்டு வைத்து ஒரு பருவம் விடுங்கள். எந்தத் தண்டு நேராகவும் வலுவாகவும் மேலே போகிறதோ அதை வைத்துக்கொண்டு, அதோடு போட்டி போடுகிற ஒன்றிரண்டு தண்டுகளின் நுனியை மட்டும் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் முழுவதையும் ஒரே நாளில் வெட்டிவிட்டால் கன்று பட்டினி கிடக்கும். அந்தப் பந்து பெரிதாகப் பெரிதாக, அதன் நடுவில் உள்ள தண்டு மானின் வாய்க்கு எட்டாமல் தானாகவே மேலே தப்பிப்பதும் உண்டு.

அறிகுறி: தண்டில் பட்டை உரிந்திருக்கிறது

இரண்டு வகை. இளந்தண்டின் ஒரு பக்கத்தில் பட்டை நார்நாராகத் தொங்கி, சிறு கிளைகளும் முறிந்திருந்தால், ஆண்மான் கொம்பைத் தேய்த்திருக்கிறது. கொம்பின் மேல் மூடியிருக்கும் மென்தோலை உரிப்பதற்கும், இணைசேரும் பருவத்தில் தன் இடத்தைக் காட்டுவதற்கும் அது தேய்க்கும். வளையும் தன்மையுள்ள, தனியாக நிற்கும் இளமரங்களைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். அந்தப் பருவத்துக்கு முன்பே கன்றைச் சுற்றி மூன்று குச்சிகளை நெருக்கமாக நட்டுவிட்டால் அதற்குத் தேய்க்க இடம் கிடைக்காது.

பட்டை நீளநீளமாக உரிந்து, மரத்தில் பல் இழுத்த கோடுகள் தெரிந்தால், தின்பதற்காக உரித்தது. வேறு தீவனம் அற்றுப்போன காலத்தில் இது கூடும்.

காயம் தண்டின் பாதிச் சுற்றளவுக்குள் இருந்தால் மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தொங்கும் நாரை மட்டும் சுத்தமாக வெட்டிவிடுங்கள். சாணமோ தாரோ பூசி மூட வேண்டியதில்லை, காயம் காற்றாடக் கிடப்பதே நல்லது. முழுச் சுற்றும் உரிந்திருந்தால், இலையில் உருவாகும் சர்க்கரைச்சத்து வேருக்கு இறங்கும் வழி அறுந்துவிட்டது. மேல்பகுதி பிழைக்காது. அடியிலிருந்து துளிர்க்கும் இனமாக இருந்தால் காயத்துக்குக் கீழே வெட்டி, வரும் துளிர்களுக்கு உடனே கூண்டு வையுங்கள். கூண்டில்லாமல் வெட்டினால் மானுக்கு விருந்து வைத்ததாக ஆகும்.

அறிகுறி: நட்ட கன்று போய்விட்டது, பக்கத்தில் தானாக முளைத்தது இருக்கிறது

நாற்றங்கால் கன்று உரம் தின்று வளர்ந்தது. அதன் இலையில் தழைச்சத்து அதிகம், தண்டு மென்மை. மானுக்கு அது தெரிகிறது. நடுவதற்கு முந்தைய மாதங்களில் உரத்தை நிறுத்தி, நிழலைக் குறைத்துக் கன்றைக் கொஞ்சம் முரடாக்குங்கள். நடும் இடத்தைச் சுற்றியிருக்கும் களையை வட்டமாகச் செதுக்கிவிட்டு, நடுவில் பளிச்சென்று ஒரு கன்றை நிறுத்துவதும் மானை அழைப்பதற்குச் சமம்.

முள்ளுக்கு நடுவில் நடுங்கள். இயற்கை செய்துவரும் வேலை இது. ஐரோப்பாவில் யூ கன்றுகள் ஜூனிபர் புதருக்குள்ளும், ஓக் கன்றுகள் முள்செடிகளுக்குள்ளும் எழும்பி வருகின்றன. முள்புதரைக் களை என்று வெட்டித் தள்ளிய பிறகு கன்றைச் சுற்றி மாட்டக் காப்புக்கான பிளாஸ்டிக் குழாய் வாங்குவது எனக்குப் புரியாத பழக்கம். புதர் இல்லாத இடத்தில், வெட்டிய கிளைகளைக் கன்றைச் சுற்றி ஓர் ஆள் கை நுழையாத அளவுக்கு அடுக்கினால், அது மட்கும் வரை சில ஆண்டுகள் தாங்கும். காட்டுத்தீ வரும் இடங்களில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

மணத்தால் விரட்டும் மருந்துகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முட்டையை அடிப்படையாகக் கொண்டவை ஓரளவு வேலை செய்கின்றன. மழை அவற்றைக் கழுவிவிடும், தெளித்த பிறகு வந்த தளிரில் மருந்து இருக்காது, பசி மிகுந்த மானுக்கு மணம் பொருட்டே அல்ல. கூண்டு வந்து சேரும் வரை நாள் கடத்த உதவும், அவ்வளவுதான்.

அறிகுறி: குழாய்க்குள் இருக்கும் கன்று வாடுகிறது, வளைகிறது, சாகிறது

கவசமே கன்றைக் கொல்வது அரிதல்ல. முட்டுக்குச்சி மட்கிச் சாய்ந்தால் கன்றும் சாயும். கட்டிய கயிறு தண்டு பருத்ததும் பட்டைக்குள் இறங்கும். குழாய்க்குள் புல் வளர்ந்து கன்றை மூச்சுத்திணறவைக்கும். வெயில் கடுமையான இடத்தில் துளையில்லாத குழாய் அடுப்பாக மாறும். குழாய்க்குள் வளர்ந்த தண்டு காற்றில் ஆடிப் பழகாததால், திடீரென்று குழாயை எடுத்ததும் தலை துவண்டுவிடும்.

வலைக் கூண்டுக்கு இவற்றில் பாதித் தொல்லை இல்லை. விலை கூடினாலும் அதையே நான் பரிந்துரைப்பேன். எதை வைத்தாலும் ஆண்டுக்கு இருமுறை போய்ப் பார்க்க முடிகிற எண்ணிக்கையில் வையுங்கள். 40 கன்றுக்கு ஒழுங்காகக் கவசம் வைத்துப் பராமரிப்பது, 400 கன்றுக்கு வைத்துவிட்டு மறப்பதைவிட அந்த மரத்துக்குப் பயன். பிளாஸ்டிக் குழாய் வைத்தால் அதைத் திரும்ப எடுக்கப் போகும் ஆண்டையும் அன்றே எழுதிவையுங்கள்.

அறிகுறி: வேலி இருக்கிறது, கடியும் இருக்கிறது

வேலியைச் சுற்றி முழுதாக ஒருமுறை நடங்கள். மான் தாண்டிக் குதிப்பதைவிடக் கீழே நுழைவதைத்தான் விரும்பும். தரை பள்ளமாகும் இடம், ஓடை கடக்கும் இடம், கதவின் அடி, மரம் விழுந்து அமுக்கிய கம்பி ஆகிய நான்கையும் பாருங்கள். ஒரு சாண் இடைவெளி சின்ன மானுக்குப் போதும். வலையின் அடியில் ஒரு முழ நீளத்தை வெளிப்பக்கமாக மடித்துத் தரையோடு ஆணியடித்துவிட்டால் நுழைவது நிற்கும். பெரிய பரப்புக்குச் செம்மான் அளவுள்ளவற்றுக்கு 1.8 முதல் 2 மீட்டர் உயரமும், நன்றாகத் தாவும் வெள்ளைவால் மானுக்கு 2.4 மீட்டரும் தேவைப்படும். அடைப்பு மிகச் சிறியதாக இருந்தால் இவ்வளவு உயரம் வேண்டாம். இறங்க இடமில்லாத, நெருக்கமான இடத்துக்குள் மான் குதிக்கத் தயங்கும். பணம் குறைவாக உள்ளவர்களுக்கு, ஒரு பெரிய வேலியைவிடப் பல சின்ன அடைப்புகள் நல்லது. ஒன்று உடைந்தாலும் மற்றவை நிற்கும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாண்டோ என்று ஒரு ஆஸ்பென் தோப்பு இருக்கிறது. 43 ஹெக்டேரில் ஏறத்தாழ 47,000 தண்டுகள், எல்லாம் ஒரே வேரமைப்பிலிருந்து எழுந்தவை. அதாவது முழுத் தோப்பும் ஒரே மரம். மூத்த தண்டுகள் சாகச்சாக இடத்தை நிரப்பப் புதுத் துளிர்கள் வரவேண்டும். அவற்றை மியூல் மான்களும் மாடுகளும் தின்றன. தோப்பின் ஒரு பகுதிக்கு வேலி போட்டதும் துளிர்கள் எழும்பின. வேறொரு பகுதியில் வேலியின் பலவீனமான இடங்கள் வழியாக மான்கள் உள்ளே போய்விட்டன. அங்கே நிலைமை வேலியே இல்லாத இடத்தைப் போலத்தான் இருந்தது. 2018இல் வெளியான ஆய்வு இதைப் பதிவு செய்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வேலி பறவைகளைக் கொல்லும். ஸ்காட்லாந்தின் பைன் காடுகளில் கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழி மான் வேலியில் மோதிச் சாவது பெரிய துயரம். தாழப் பறக்கும் பறவைகள் உள்ள இடத்தில் வலையின் மேற்பகுதியில் மரச்சட்டமோ பட்டையோ கட்டி, தூரத்திலிருந்தே வேலி தெரியும்படி செய்யுங்கள்.

அறிகுறி: மான் நுழையவில்லை, கடியும் இல்லை, ஆனாலும் கன்று வரவில்லை

பல ஆண்டு மேய்ச்சலுக்குப் பிறகு மான் தொடாத செடிகள் தரையைப் பிடித்திருக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெரணி இப்படிப் பரந்து விரிந்து, மானைத் தடுத்த பிறகும் மர முளைகளை நிழலால் அமுக்கியது. மேய்ச்சல் நின்றதும் புல்லும் எகிறி வளரும். ஸ்காட்லாந்தில் அடர்ந்த ஹெதர் புதருக்குள் பைன் விதை இறங்க முடியாது. ஆகவே வேலிக்குள்ளும் வேலை உண்டு. தாய்மரத்தைச் சுற்றி அங்கங்கே ஒரு பாய் அகலத்துக்குப் பெரணியை நீக்கி மண்ணைக் கீறிவிடுங்கள், நிறையக் காய்க்கும் ஆண்டில் விதை உதிர்வதற்குச் சற்று முன்பாக. வெளிச்சம் தேவைப்படும் இனமாக இருந்தால், மேலே கவிந்திருக்கும் பக்கத்து மரத்தின் ஒன்றிரண்டு கிளைகளை இறக்குங்கள். முழு மரத்தை வெட்ட அவசரம் வேண்டாம்.

அறிகுறி: வேலிக்குள் காடு, வெளியே வெறுமை

இது வெற்றி மாதிரி தெரியும். உண்மையில் நீங்கள் காப்பாற்றியிருப்பது ஒரு தோட்டத்தை. இனம் நிலைக்க வேண்டுமென்றால் வேலிக்கு வெளியேயும் கன்று எழவேண்டும். அது மானின் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு, அந்தப் பேச்சைத் தட்டிக் கழிக்க முடியாது.

ஸ்காட்லாந்தின் கிரெய்க் மெகி பகுதியை 1985இல் இயற்கைப் பாதுகாப்புக்காக அரசு அமைப்பு வாங்கியது. வேலி போடாமல் செம்மான்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். மலைச்சரிவில் பிர்ச் மரங்கள் தாமாகவே ஏறின. கிளென் ஃபெஷி பள்ளத்தாக்கிலும் இதே வழியில், மிஞ்சியிருந்த முதிய பைன்களைச் சுற்றிக் கன்றுகள் எழுந்தன. இரண்டு இடத்திலும் மான் ஒழிக்கப்படவில்லை, குறைக்கப்பட்டது. அமெரிக்காவின் எல்லோஸ்டோனில் 1995-96இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் மான்கள் குறைந்தன, சில இடங்களில் ஆஸ்பென் கன்றுகள் உயர்ந்தன, எல்லா இடத்திலும் அல்ல. அதில் ஓநாயின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

உங்கள் இடத்தில் எது முடியும் என்பது சட்டத்தைப் பொறுத்தது. மானைத் தொடுவதே குற்றமாக உள்ள நாடுகள் பல. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது தனியாள் கையில் எடுக்கும் வேலையே அல்ல. உங்கள் பங்கு, கன்றுக் கணக்கோடு வனத்துறையிடம் போவது. மான் எத்தனை என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள், வாதம் முடியாது. நூறு கன்றில் எத்தனை கடிபட்டன, எத்தனை தப்பின என்பதை யாரும் மறுக்க முடியாது. மானைக் குறைத்த பிறகும் அளவுகோல் அதே கன்றுதான்.

சட்டம் எதுவானாலும் எல்லோரும் செய்யக்கூடியவை சில உண்டு. மானுக்குத் தீவனம் வைப்பதை நிறுத்துங்கள். தீவனம் வைத்த இடத்தைச் சுற்றியுள்ள கன்றுகள்தான் முதலில் போகும். உப்புக்கட்டியையும் அங்கிருந்து அகற்றுங்கள். மானை வேட்டையாடும் விலங்குகளை விரட்டும் நாய்க்கூட்டம், கண்ணி, நஞ்சு இவற்றைத் தடுக்க உதவுங்கள். கருத்தடை ஊசி பற்றிக் கேட்பவர்களுக்கு: தீவு போல் அடைபட்ட, எண்ணி அடையாளம் காணக்கூடிய கூட்டத்தில் அது உதவலாம். திறந்த காட்டில் வெளியிலிருந்து மான் வந்துகொண்டே இருக்கும்.

மான் அந்த நிலத்துக்கே அந்நியமாக இருந்தால் கணக்கு மாறும். ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தமானுக்குக் கொண்டுபோகப்பட்ட புள்ளிமானுக்கு அங்கே எதிரி இல்லை. அதனோடு சேர்ந்து வளராத அந்தக் காட்டுச் செடிகளுக்குத் தற்காப்பும் இல்லை. அத்தகைய இடத்தில் பாதி நடவடிக்கை பயன் தராது.

அறிகுறி: மிஞ்சியிருப்பவை சில தாய்மரங்களே

மேலே சொன்ன சோதனைகளுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். இன்றே அவற்றின் அடியில் வேலி போடுங்கள், சோதனை பிறகு. ஸ்காட்லாந்தின் அர்ரான் தீவில் மட்டுமே வளரும் வைட்பீம் மர இனங்கள், மேயும் வாய் எட்டாத செங்குத்தான ஓடைக் கரைகளில் ஒட்டிக்கொண்டு பிழைத்தன. மொத்தமே சில நூறு மரங்கள். வேலியும் நாற்றங்காலும் சேர்ந்துதான் அவற்றைத் தாங்குகின்றன.

விதையை ஒரே மரத்திலிருந்து சேகரிக்காமல் கிடைக்கும் எல்லா மரத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், எந்த விதை எந்த மரத்தினது என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஒரே தாயின் பிள்ளைகளால் காட்டை நிரப்பினால் அடுத்த தலைமுறையில் விதை கோதாகலாம், ஒரே நோய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகலாம். விதை தராத மரத்திலிருந்து தண்டுத்துண்டு எடுத்து வேர்விடச் செய்யுங்கள் அல்லது ஒட்டுக் கட்டுங்கள். உதிர்ந்த விதை முழுவதையும் அள்ளிவிடாமல் பெரும்பகுதியைத் தரையிலேயே விடுங்கள்.

கூண்டை எப்போது எடுப்பது

நுனிக்குருத்து மானின் வாய்க்கு மேலே போனால் மட்டும் போதாது. தண்டு கொம்புத் தேய்ப்பைத் தாங்கும் அளவுக்குப் பருத்து, பட்டை தடித்திருக்க வேண்டும். மெதுவாக வளரும் இனத்துக்கு இது 10 ஆண்டு, 20 ஆண்டு வேலை. எல்லாக் கூண்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஐந்தில் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு முழு ஆண்டு பாருங்கள். கடி விழுந்தால் திரும்ப வையுங்கள்.

கன்றுக் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தில், ஒவ்வொரு கன்றின் இடமும் எண்ணும் பருவமும் வேறொருவர் படித்தாலும் புரியும்படி இருக்கட்டும். அதன் முதல் பக்கத்தில், உங்களுக்குப் பிறகு எண்ணப்போகிறவரின் பெயரை எழுதி, அடுத்த முறை எண்ணும்போது அவரையும் கூட அழைத்துப் போங்கள்.